ஆளோலையும் அருங்காட்சியகமும்

 

கிருட்டிணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில் தருமபுரியினின்று பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் புதிது, மண்ணோ மிகப் பழையது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் பெருங்கற்காலத்தின் கதையைச் சொல்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 அளவினது என்று 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அறிவித்தபோது தமிழுலகமே தலைநிமிர்ந்தது. ஊர்தோறும் நடுகற்கள் நிற்கின்றன. 1993இல் தொடங்கப்பெற்ற கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்தில் அவற்றுட் சில காக்கப்படுகின்றன. தகடூராகிய தருமபுரியில் நடுகற்களுக்கென்றே தனி அகழ்வைப்பகமும் உண்டு. இவை எல்லாம் தமிழினம் பெருமை கொள்ளத்தக்க செல்வங்கள் என்பதில் இருவேறு கருத்து இல்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. வாளேந்தியவனுக்குக் கல் உண்டு. நிரை மீட்டவனுக்குக் கல் உண்டு. ஏரி வெட்டுவித்தவனுக்கும் கோயில் எடுப்பித்தவனுக்கும் எழுத்து உண்டு. ஏரி வெட்டியவனுக்கும், கல் சுமந்தவனுக்கும், நிலத்தோடு நிலமாக விலைபேசப்பட்டவனுக்கும் என்ன உண்டு? செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கின்றது. கருந்தேவகத்தி என்னும் வீரன் கள்வரோடு பொருது மாய்ந்ததையும், அவனை விட்டு அகலாது நின்ற நாயையும் அக்கல் காட்டுகின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லே சொல்கின்றது. நன்றி மறவாத நாய்க்குப் பெயர் பொறித்த இனம் தமிழினம்! அது பெருமையே. அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறர்க்கு உழைத்து மாய்ந்த மாந்தர் எத்துணையோ பேர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை என்பது பெருமையா? அருங்காட்சியகம் என்பது இவ்வினாவிற்கும் விடை சொல்ல வேண்டிய இடம்.

"அடிமை முறை பழந்தமிழர்க்கு உரியதன்று, அது வந்தேறிகள் கொணர்ந்தது, அதனைக் காட்சிக்கு வைப்பது இனத்திற்கு இழுக்கு" என்று கருதுவாரும் உளர். அவர்தம் இனப்பற்று மதிக்கத்தக்கது. ஆனால் உண்மையின்மேல் எழுப்பாத பற்று நெடுநாள் நில்லாது. தமிழின் தூய்மையைக் காப்பவர், தமிழ் சொல்லும் சான்றையும் காக்கக் கடமைப்பட்டவர். தமக்கு இனியதை மட்டும் தமிழ் சொல்ல வேண்டும் என்பது தமிழுக்கு வாய்ப்பூட்டு இடுவது ஆகும்.

இனி, சான்று எத்தகையது என்று காண்போர் முதலில் சேக்கிழாரிடம் செல்லலாம். சுந்தரர் மணவிழாவைத் தடுத்து, முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து நின்ற கதை சைவர் அனைவரும் அறிந்தது. அதனைச் சமயக் கண்கொண்டு படித்தோர் பலர். ஆவணக் கண்கொண்டு படித்தோர் சிலர். அங்கே வழக்கு என்ன? பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையால் பேரன் அடிமை என்பது. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கின்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவை கூடுகின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்று பற்றி அங்கே பேசப்படுகின்றது. பாட்டனின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றது. வழிவழியாகத் தொண்டு செய்யும் கடப்பாடு என்று ஓலை சொல்கின்றது. அவை ஒப்புகின்றது. கதை இறைவனின் திருவிளையாட்டாக முடியலாம். ஆனால், கேட்போர் அனைவரும் அறிந்த நடைமுறை ஒன்று இல்லையாயின், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இக்கதை எவர்க்கும் விளங்கியிராது. மூல ஓலை, படியோலை, கையெழுத்து ஒப்பீடு, அவையின் தீர்ப்பு ஆகிய இத்துணை நுட்பமும் ஒரே நாளில் கற்பனையில் தோன்றுவன அல்ல.

ஒரு மாந்தனை அடிமை என்று நிறுவுதற்கு அவ்வவை கேட்ட மூன்று சான்றுகளைக் கொண்டே, அடிமை முறை இருந்தது என்பதை இன்று அருங்காட்சியகம் நிறுவலாம். காட்சிக்கூடத்தின் மூன்று சுவர்களாக அவை அமையட்டும்.

முதற் சுவர் ஆட்சி, அதாவது வழக்கு. வழக்கிற்கு முதற்சான்று மொழி. தொல்காப்பியர் அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் பற்றிப் பேசுகின்றார். சொல்லதிகாரத்தில், உயர்திணைக்கண் நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை நிரல்படுத்துமிடத்து 'அடிமை' என்பதனையும் வைக்கின்றார். அரசு, குழவி, விருந்து முதலியனவும் அந்நிரலில் உள. ஆகலின், இலக்கணமே அடிமையை இழிவு செய்தது என்று அவசரப்பட்டுச் சொல்லுதல் தவறு. ஆனால் அச்சொல் அத்துணைப் பழைமை உடையது என்பதை எவரும் மறுக்க இயலாது. பட்டினப்பாலையில் வரும் கொண்டி மகளிர் பகைப்புலத்தினின்று பற்றிக் கொணரப்பட்ட பெண்டிர் என்பது உரையாளர் அறிந்த செய்தி.

சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்க. அடி என்பது கால். அடியினின்று அடிமை, அடியான், அடியாள். ஆள் என்பது மாந்தன். ஆளுதல் என்பது உரிமை செலுத்துதல். ஒரே வேர் இருபுறமும் கிளைத்து, ஒருபுறம் ஆள்வோனையும் மறுபுறம் ஆளப்படுவோனையும் சுட்டுகின்றது. ஆளை விற்ற ஓலை ஆளோலை. பண்ணைக்கு உரிய ஆள் பண்ணையாள். படி தவசத்திற்கு உழைத்தவன் படியாள். கொத்து என்பது குலை, தொகுதி. தாயும் தந்தையும் மக்களுமாகக் குடும்பம் முழுதும் ஒருசேர அகப்பட்டது கொத்தடிமை. தொண்டு, தொழும்பு என்னும் சொற்கள் ஒருகால் அடிமைத்தனத்தைக் குறித்துப் பின்னர் இறைப்பணியின் இனிமையைப் பெற்றன. இனிமை பெற்றதனால் பழம்பொருள் மறைந்தது. மறைந்தது இல்லாமற் போயிற்று என்று எண்ணுதல் பிழை.

இச்சுவரின் முன் ஒரு மரப்படியை வைத்தாற் போதும். தவசம் அளந்த படி ஊர்தோறும் கிடைக்கும். அதன் கீழே 'இது அளவைக் கருவி' என்று மட்டும் எழுதினால் அது பொருட்காட்சி. 'இப்படியால் அளந்த தவசமே ஒருவனுக்குக் கூலியாக இருந்தது. அதனால் அவன் படியாள் எனப்பட்டான்' என்று எழுதினால் அது வரலாறு.

இரண்டாம் சுவர் ஆவணம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆளை விற்ற செய்திகள் உள. அத்தகு விற்பனை ஆவணத்திற்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று பெயரே வழங்கியது. பெயர் வைத்து எழுதும் அளவிற்கு அது நிலைத்த வழக்காக இருந்தது. 1201ஆம் ஆண்டளவில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், வற்கடத்தால் வாடிய வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் திருப்பாம்புரத்துக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். நூற்றுப்பத்துக் காசு! மூன்று உயிர்களின் விலை! பஞ்சம் வந்தால் உழுதுண்பவரும் விலைப்பொருள் ஆவர் என்பதை அக்கல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே நிற்கின்றது.

ஓலைகளும் உள. இன்றைய குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டு அறிக்கையால்தான் நீக்கப்பட்டது. அப்பகுதியின் பழங்குடும்பங்களில் கிடைத்த ஓலைகளில் ஆளை விற்றதும் ஒற்றி வைத்ததும் காணப்படுகின்றன. ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமை முறை' என்னும் நூலில் இத்தகு சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்துள்ளார். தமிழறிந்தோர் கையில் இருக்க வேண்டிய நூல் அது.

ஆங்கில வணிகக் குழும்பின் ஆவணங்களும் இச்சுவருக்கு உரியன. திப்புவோடு நிகழ்ந்த போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் எனப்பட்ட கிருட்டிணகிரிப் பகுதி குழும்பின் கைக்கு வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் வந்தது. அலெக்சாந்தர் இரீடும் தாமசு மன்றோவும் இங்கிருந்துதான் நிலவரி முறையை வகுத்தனர். 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டந்தோறும் ஆட்சியரிடம் அடிமை நிலை பற்றி வினவியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அச்சட்டம் அடிமையை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமை மீதான உரிமையை வழக்குமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தால். '1843இல் அடிமை முறை ஒழிந்தது' என்று ஒரே வரியில் எழுதிவிடும் குறிப்பட்டை உண்மையைப் பாதி சொல்லிப் பாதி மறைப்பது.

மேலும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். காவிரிப் படுகைபோன்ற நன்செய் நாடுகளில் நிலத்தோடு பிணைத்த அடிமை மிகுதி. பாரமகால்போன்ற வறண்ட மேட்டு நிலத்தில் கடனால் பிணைத்த அடிமையே ஏற்றது. மழை பொய்த்தால் கடன். கடன் தீரும் வரை உழைப்பு. உழைப்பால் வட்டியும் தீராது. எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் இதற்குச் 'சீதம்' என்று பெயர். கூலி, ஊதியம் என்று பொருள்பட்ட சொல்லே அங்கே கட்டடிமைக்குப் பெயராயிற்று. தமிழில் படி, கன்னடத்தில் சீதம். இரு மொழியிலும் கூலியின் பெயரே தளையின் பெயர் ஆனது. ஓசூர்போன்ற எல்லை நகரில் இவ்விரு சொல்லையும் அருகருகே நிறுத்திக் காட்டினால், இருநாட்டு உழைப்பாளரும் தம் பாட்டன் கதையை ஒருங்கே படித்தறிவர்.

மூன்றாம் சுவர் அயலார் காட்சி. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினர். தமிழ்நாட்டுக் கரையில் பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் அவர்தம் கப்பல்களில் ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் இந்தியக் கரையினின்று ஆட்கள் போயினர். அங்கே அவர்க்குத் தாய் தந்தை இட்ட பெயர் இல்லை. சிலர்க்குத் திங்களின் பெயரே பெயராக இடப்பட்டது. மலபார், வங்கம், சோழமண்டலக்கரை என்று எடுத்துவந்த இடத்தின் பெயர் பின்னொட்டாயிற்று.

கேப்டவுன் நகரில் 1679இல் ஒல்லாந்தக் குழும்பு தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டிய மனை இன்றும் நிற்கின்றது. பின்னாளில் அது அலுவலகமாயிற்று, வழக்குமன்றமாயிற்று, பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. அவ்வருங்காட்சியகத்தில் எகிப்து, கிரேக்கம், உரோமை ஆகியவற்றின் பழம்பொருள்களும் வெள்ளியும் மரக்கலமும் அழகுற வைக்கப்பட்டிருந்தன. எந்தச் சுவர்களுக்குள் அவை வைக்கப்பட்டனவோ அச்சுவர்களின் கதையோ பெயர்ப்பலகையிற்கூட இல்லை. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர், 1998இல், அதற்கு 'அடிமை மனை' என்னும் பழம்பெயர் மீண்டும் சூட்டப்பெற்றது. உள்ளே ஒளிரும் தூண் ஒன்றில், அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் வளையங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுபது கோயில் எழுப்பினாலும் வாராத அறம், ஒரு பெயரைத் திருப்பிக் கொடுப்பதில் வரும்.

இங்கிலாந்தில் இலிவர்பூல் நகரம் அடிமை வணிகத்தால் செழித்த துறைமுகம். அங்கே 1994இல் ஒரு காட்சிக்கூடமாகத் தொடங்கியது, 2007 ஆகத்து 23ஆம் நாள் உலக அடிமை முறை அருங்காட்சியகமாக வளர்ந்தது. அந்நாளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1791இல் அந்நாளை ஒட்டிக் கரிபியன் தீவாகிய செயிண்டு தொமிங்கில் அடிமைப்பட்டோர் தாமே கிளர்ந்தெழுந்தனர். விடுதலை மேலிருந்து இடப்பட்ட ஐயம் அன்று. கீழிருந்து பெற்ற உரிமை என்று அந்நாளே சொல்லாமற் சொல்கின்றது. ஆம்சுட்டர்டாம் நகரின் அரசு அருங்காட்சியகம் 2021இல் அடிமை முறை பற்றித் தனிக் காட்சி நடத்தியதோடு நில்லாமல், தன் நிலையான கூடங்களில் உள்ள எழுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களுக்கும் பொருள்களுக்கும் அருகே இரண்டாவது குறிப்பட்டை ஒன்றையும் வைத்தது. ஓவியத்தின் அழகைச் சொல்லும் பழைய அட்டை அப்படியே இருந்தது. அவ்வழகுக்கு எவர் வியர்வை விலையாயிற்று என்பதைப் புதிய அட்டை சொன்னது.

ஈழத்து மலையகத்தில் கம்பளையை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வாழ்ந்த வரிசை அறைகளையே 2007இல் அருங்காட்சியகம் ஆக்கினர். அம்மியும் விளக்கும் கொழுந்துக் கூடையும் அங்கே காட்சிப்பொருள்கள். மொரீசில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்பிரவாசி துறை 2006இலும், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இலெ மோர்ன் குன்று 2008இலும் உலக மரபுச் செல்வங்களாக ஏற்கப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல. ஒப்பந்தக் கூலி வேறு, விலைக்கு வாங்கிய அடிமை வேறு. இரண்டையும் கலந்து ஒரே பெயரால் சொல்லும் காட்சி, உணர்ச்சியை ஊட்டலாம், அறிவை ஊட்டாது. அந்நாடு இரண்டையும் தனித்தனியே போற்றுகின்றது என்பதே படிக்கவேண்டிய பாடம்.

மூன்று சுவர்களும் நிறைந்தன. நான்காம் சுவர் ஒன்று உண்டு. அது வெறுமையாக இருக்கின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூவகைச் சான்றும் பேசப்பட்டன. ஆனால் அடிமைப்பட்டோன் வாய்மொழி ஒரு சான்றாக எண்ணப்படவில்லை. கல்வெட்டு எழுதுவித்தவன் பெற்றவன். ஓலையைக் காத்து வைத்தவன் வாங்கியவன். கப்பற் கணக்கு எழுதியவன் விற்றவன். விலைப்பட்டவன் எழுதியது எங்கே? அந்நான்காம் சுவரை நிரப்பும் வாய்ப்பு கிருட்டிணகிரி மாவட்டத்திற்கும் ஓசூருக்கும் இன்றும் உண்டு; ஏனெனில் இந்நிலத்தில் கடனடிமை பழங்கதை ஆகிவிடவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பை 1950இலேயே விலக்கியது. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1975 அத்தோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி கொத்தடிமைக் கடன் அறவே அற்றது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. குறைந்த அளவுக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. இத்துணையும் இருந்தும், அம்மன்றம் அமர்த்திய குழு 1995இல் தமிழ்நாட்டை ஆராய்ந்து, பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கொத்தடிமையராக இருக்கின்றனர் என்று அறிக்கை தந்தது. கல்லுடைக்கும் களத்திலும் செங்கற்சூளையிலும் 'முன்பணம்' என்னும் ஒற்றைச் சொல், பழைய ஆளோலையின் வேலையைச் செய்கின்றது. ஓலை போயிற்று, ஓலையின் உள்ளீடு போகவில்லை.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. நகரம் பெருகி 2019இல் மாநகராட்சி ஆயிற்று. ஊர்தியும் கடிகாரமும் செய்யும் ஆலைகளின் அருகே, வடபுல மாநிலங்களிலிருந்து வந்த உழைப்பாளர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அவர் எல்லாரும் கொத்தடிமையர் என்பது பொய். அவருள் எவரும் முன்பணத்தில் சிக்கவில்லை என்பதும் ஆராயாமல் சொல்லத்தக்கது அன்று. எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில் வடார்க்காட்டுப் பகுதியிலும் சேலம் பகுதியிலும் இருந்து சென்ற தமிழர் மண்ணுக்கடியில் உழைத்தனர். கைவிரல் அடையாளம் பதியவேண்டும் என்னும் ஆணையை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் அடிமையர் அல்லர். ஆனால் தம்மைக் குற்றவாளிபோல் அடையாளமிடுவதை ஒப்பாதவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது; அவர்தம் நினைவு மூடப்படலாகாது. அன்று வேற்றுப்புலத்தில் தமிழன் நின்ற இடத்தில் இன்று ஓசூரில் ஒடியனும் பீகாரியும் நிற்கின்றனர். காட்சிக்கூடத்தின் தலைப்பெழுத்து தமிழாகவே இருக்கட்டும்; அதில் விட்டுக்கொடுத்தல் இல்லை. அதன் கீழே, 'கடனுக்காக உம்மை அடைத்து வைத்தல் குற்றம். மாவட்ட ஆட்சியரிடம் முறையிடுக. விடுவிக்கப்பட்டோர்க்கு விடுதலைச் சான்று உண்டு' என்னும் செய்தி மட்டும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வந்தோர் மொழிகளிலும் இருத்தல் வேண்டும். மொழித் திணிப்பை எதிர்ப்பது ஒன்று. உழைப்பாளிக்கு அவன் உரிமையை அவன் அறிந்த மொழியில் சொல்வது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் தமிழ்ப்பற்றுக்கே பழி தேடுவோர்.

காட்சியை அமைக்கும் முறைமையிலும் சில நெறிகள் வேண்டும்.

ஒன்று: குறிப்பட்டையின் வாக்கியம் நேரிய வாக்கியமாக இருக்கட்டும். 'அடிமைகள் விற்கப்பட்டனர்' என்பது செயப்பாட்டு வினை. அதில் விற்றவன் ஒளிந்துகொள்கின்றான். 'இன்னார் இன்னாரை இத்துணைக் காசுக்கு விற்றார்' என்று எழுதுக. அடிமை என்பது பண்புப்பெயர். அது ஆளைச் சுட்டுங்கால் பண்பாகுபெயர். ஒருவன் வீழ்ந்த நிலையின் பெயர் அவனுக்கே பெயராகிவிடுகின்றது. பிறவியால் ஒருவரும் அடிமை அல்லர். ஆகவே 'அடிமையாக்கப்பட்டோர்' என்று எழுதுதலே முறை. இன்று உலக அருங்காட்சியகங்கள் ஆங்கிலத்தில் மேற்கொண்டுள்ள மாற்றமும் இதுவே. தமிழுக்கு இதனை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. தன்வினையும் பிறவினையும் பிரித்தறிந்த இலக்கணம் தமிழ் இலக்கணம்.

இரண்டு: தளை பூட்டிய பொம்மைகளை நிறுத்தி இரக்கத்தை விலைகூறலாகாது. காண வரும் சிறுவர்களுள் அவ்வடிமையாக்கப்பட்டோர் வழிவந்த பிள்ளையும் இருக்கும். அப்பிள்ளை தலைகுனியுமாறு ஒரு காட்சியை அமைத்தால், பழைய இழிவை அருங்காட்சியகமே மறுமுறை இழைத்ததாகும். தலைகுனிய வேண்டியது ஓலையை எழுதுவித்த கை.

மூன்று: ஓலைகளில் வரும் குலப்பெயரை எழுதுவதா, மறைப்பதா என்பது கடினமான வினா. எழுதினால் இன்றுள்ளோர்க்குப் புண். மறைத்தால் வரலாற்றுக்குப் பொய். அவ்வினாவை அலுவலர் மட்டும் தீர்த்தல் முறையன்று. அக்குடி வழிவந்தோரைக் கூட்டி, அவர்தம் இசைவோடு முடிவு செய்தலே அறம். அன்று அவர்தம் இசைவின்றி எழுதப்பட்டது ஓலை. இன்று அட்டையாவது அவர்தம் இசைவோடு எழுதப்படட்டும்.

நான்கு: இதற்குப் பெருங்கட்டடம் வேண்டா, கோடிப் பணமும் வேண்டா. உள்ள அருங்காட்சியகத்தில், உள்ள பொருள்களுக்கு அருகில், இரண்டாம் அட்டை வைத்தால் தொடக்கம் ஆயிற்று. வீரனின் நடுகல்லுக்கு அருகே நடுகல் இல்லாதாரைப் பற்றி ஓர் அட்டை; இரும்பு உருக்கிய சான்றுக்கு அருகே உலைக்கு விறகு சுமந்தோரைப் பற்றி ஓர் அட்டை; படிக்கு அருகே படியாளைப் பற்றி ஓர் அட்டை.

தமிழ் அமைப்புகள் செய்யத்தக்க பணிகளும் உள. பழைய வீடுகளை இடிக்கும்போது பரணில் கிடைக்கும் ஓலைகளும் கடன்முறிகளும் எரிக்கப்படாமலும், பழம்பொருள் வணிகர் கைக்குப் போகாமலும் காத்து, அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கச் செய்க. அவற்றில் தம் முன்னோர் பெயர் விற்றவராக வந்தாலும் ஒளிக்காதீர். ஒப்படைப்பவர்க்கு அது பெருமையே அன்றிச் சிறுமை அன்று. பண்ணையாளாகவும் படியாளாகவும் வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் உளர். கொத்தடிமையினின்று விடுவிக்கப்பட்டோரும் உளர். அவர் ஒப்பினால் அவர்தம் சொல்லை அவர்தம் நடையிலேயே பதிவு செய்க. ஓசூர் வட்டாரத்தில் அச்சொல் தெலுங்காகவும் கன்னடமாகவும் இருக்கலாம். அதனைத் திருத்தாது பதிந்து, அருகே தமிழில் பெயர்த்து வைக்க. பள்ளி ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று, வாளையும் கேடயத்தையும் காட்டுவதோடு நில்லாமல், படியையும் காட்டுக.

தமிழினம் தன் தொன்மையை உலகோர் ஏற்க வேண்டும் என்று போராடுகின்றது. நான்காயிரம் ஆண்டு இரும்பு அதற்குச் சான்று. ஆனால் தொன்மை என்பது பெருமைகளை மட்டும் சேர்த்த மூட்டை அன்று. தொன்மை உடையோர்க்குத் தொன்மையான கடனும் உண்டு. தன் குறையைத் தானே எழுதிக் காட்டும் இனத்தின் பெருமையை எவரும் பொய்யென்று தள்ள இயலாது. மறைப்பவன் சொல்லும் பெருமையைப் பகைவனும் நம்பான், பிள்ளையும் நம்பான். கடன் கொடுத்தவனே தன் கடன் நேரியது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்கின்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். வரலாற்றிலும் அதுவே முறை. உழைப்பைப் பெற்றவர் வழிவந்தோரே மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். உழைத்தவர் வழிவந்தோரை 'ஓலை எங்கே?' என்று இனியும் கேளாதிருக்கட்டும்.

வெறுமையாக நிற்கும் அந்நான்காம் சுவரில் முதற்பெயரை எழுதும் அருங்காட்சியகம் தமிழ்நாட்டின் எம்மாவட்டத்தில் அமைந்தாலும் அது போற்றத்தக்கது. கிருட்டிணகிரியில் அமையுமாயின், நடுகல் நாடு தன் எஞ்சிய கல்லையும் நட்டது என்று வரலாறு எழுதும்.

வாழ்க தமிழ்! வெல்க மாந்த உரிமை!